லாங்மூர் இன்ஜின்கள்: பழகுவதற்கென்றே ஓடிய ரயில்

லாங்மூர் ரயிலுக்கு ஊர் போய்ச் சேரும் அவசரம் இருந்ததில்லை. அதன் இன்ஜினையும் வேகனையும் புரிந்துகொள்ள இதுதான் முதல் படி. இங்கிலாந்தில், ஹாம்ப்ஷயர் வட்டாரத்தில், போர்டன் முகாமுக்கும் லிஸ் என்ற சிற்றூருக்கும் நடுவே ஏறக்குறைய 8 மைல் தூரம் ஓடியது அந்தப் பாதை. போட்டவர்கள் ராயல் இன்ஜினியர்ஸ் படைப்பிரிவினர். தொடக்கத்தில் வூல்மர் பெயரில் இருந்தது, 1935இல் லாங்மூர் இராணுவ ரயில்பாதை ஆனது, 1969 அக்டோபர் 31இல் மூடப்பட்டது. ஆளையும் சரக்கையும் ஏற்றிப் போனதும் உண்டுதான். ஆனால் அதன் தலையாய வேலை, படைவீரனுக்கு ரயில் தொழிலைக் கைக்குப் பழக்குவது. லைனைப் போடுவார்கள், பிரிப்பார்கள், மறுபடி போடுவார்கள். வண்டியை வேண்டுமென்றே தடம் புரளவிட்டு, தூக்கி வைத்துப் பழகுவார்கள்.

அந்த இடத்தின் முதல் ரயில் வேலையே விசித்திரமானது. லாங்மூர் முகாம் ஈரச் சதுப்பில் இருந்ததால், அங்கே கட்டிய 68 பெரிய கொட்டகைகளைப் பிரிக்காமல் அப்படியே போர்டனுக்கு நகர்த்தினார்கள். 18 அங்குல அகலச் சிறு லைன் இரண்டை இணையாகப் போட்டு, ஒரே கொட்டகையை இரண்டு லைன் தள்ளுவண்டிகளின் மேலும் சேர்த்து வைத்து இழுத்தார்கள். ஒரு லைன் அரை அங்குலம் தாழ்ந்தாலும் கொட்டகை முறுக்கிக்கொள்ளும். மட்டம் பார்ப்பது என்றால் என்ன என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

லாங்மூரில் ஓடியவற்றுள் இன்றைக்கும் ரயில் வேலையாட்கள் கையில் அதிகம் இருப்பது ஆஸ்டெரிட்டி டேங்க் இன்ஜின். ஆறு சக்கரம், பாயிலர் முதுகில் சேணம் போல் உட்கார்ந்த தண்ணீர்த் தொட்டி. இரண்டாம் உலகப் போருக்காக ஹன்ஸ்லெட் கம்பெனி வரைந்தது. 1943 முதல் ஆறு கம்பெனிகள் செய்து தள்ளின. சிலிண்டர் 18 அங்குல விட்டம், 26 அங்குல ஓட்டம். சக்கரம் 4 அடி 3 அங்குலம். நீராவி அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 170 பவுண்டு. எடை 48 டன், தண்ணீர் 1200 காலன். போர்க்காலத்தில் நல்ல எஃகு வார்ப்புக்குப் பஞ்சம். அதனால் சக்கர நடுவத்தை வார்ப்பிரும்பில் செய்தார்கள். அடித்துச் செய்ய வேண்டிய பல பாகங்களைத் தகடு வெட்டிப் பற்றவைத்தார்கள். இரண்டு ஆண்டு கடும் உழைப்புக்குத் தாங்கினால் போதும் என்பது கணக்கு. எண்பது ஆண்டு கழித்தும் பல ஓடுகின்றன. காரணம் எளிது: மறைந்து கிடக்கும் நுணுக்கம் குறைவு, தேய்வது எல்லாம் கழற்றி மாற்றக் கூடியது.

ஆனால் ஒன்று, சிலிண்டர் இரண்டும் சட்டங்களுக்கு உள்ளே இருக்கின்றன. வெளியே நின்று பார்த்தால் சக்கரங்களைச் சேர்க்கும் இணைப்புத் தண்டு மட்டும் தெரியும், உயிர்நாடியெல்லாம் வயிற்றுக்குள். முடக்குகள் கொண்ட கிராங்க் அச்சு, இயக்குத் தண்டுகள் அதைப் பற்றும் இரண்டு பிக் எண்ட், வால்வை அசைக்கும் நான்கு எக்ஸென்ட்ரிக் வட்டு, சிலிண்டருக்கு நீராவியை மாற்றி மாற்றி விடும் ஸ்டீபன்சன் வால்வு இயக்கம் முழுக்கவும் அங்கே. எண்ணெய் விட வேண்டுமானால் தண்டவாளத்துக்கு நடுவே உள்ள குழிக்குள் இறங்கி மேலே நிமிர வேண்டும், அல்லது சட்டத்துக்கு நடுவே உடம்பை நுழைக்க வேண்டும். இறங்குமுன் நீராவியைத் திறந்து மூடும் ரெகுலேட்டர் மூடியிருக்க வேண்டும், முன்பின் திசை மாற்றும் ரிவர்சர் நடுவில், சிலிண்டரின் வடிகுழாயான காக் திறந்து, கை பிரேக் இறுக முறுக்கி, ‘ஆள் கீழே இருக்கிறார்’ பலகை தொங்க வேண்டும். வரிசையில் ஒன்று விட்டுப்போனாலும் இறங்கக் கூடாது. ரெகுலேட்டர் கொஞ்சம் கசிந்தாலே போதும், காக் மூடியிருக்கும் சிலிண்டரில் நீராவி சேர்ந்து இன்ஜின் தானாக நகரும்.

எண்ணெய்க் குப்பி விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். புதிதாக வருபவர்கள் எண்ணெய் ஊற்றினால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். எண்ணெயை இறக்குவது குப்பிக்குள் இருக்கும் கம்பளி நூல் திரி. அச்சைத் தாங்கும் ஆக்ஸில் பாக்ஸ் போன்ற இடங்களில் திரியின் ஒரு முனை எண்ணெயில் கிடக்கும், மறுமுனை குழாய்க்குள் தொங்கும். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் அது ஓயாமல் இழுத்துச் சொட்டும். இன்ஜின் நின்றாலும் சொட்டும். அதனால் இரவு நிறுத்தும்போது திரியை எடுத்து வைத்துவிடுவார்கள். பிக் எண்ட் மாதிரி சுழலும் பாகத்தில் வேறு வகை: கம்பியில் நூலைச் சுற்றி, குழாய்த் துளையில் அடைப்பாக இறக்குவார்கள். பாகம் சுழலும்போது எண்ணெய் தெறித்துத் துளை மேல் விழுந்து, நூல் வழியே கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். இறுக்கமாகச் சுற்றினால் பேரிங் பட்டினி கிடக்கும். தளர்த்தியாகச் சுற்றினால் சில மைலுக்குள் குப்பி காலி. இந்த இறுக்கத்தை விரலால் உணர்ந்துதான் பழக வேண்டும். துளையில் வைத்து இழுத்தால் லேசாகப் பிடித்து, பிறகு வர வேண்டும். குப்பி வாயை அடைக்கும் தக்கை விழுந்துவிட்டால் எண்ணெய் வெளியே வீசப்படும், பேரிங்கின் உட்பூச்சான வெள்ளை உலோகம் உருகும், எரிந்த எண்ணெய் வாடை வரும். வாடை தெரியும்போது பேரிங் போய்விட்டது என்று அர்த்தம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பது அதற்காகத்தான்.

சேணத் தொட்டிக்கு இன்னொரு குணம் உண்டு. பாயிலரின் மேலேயே உட்கார்ந்திருப்பதால் தண்ணீர் மெல்லச் சூடேறும். வெயில் நாளில் இன்ஜினை வெகுநேரம் சும்மா நிறுத்தினால் இன்ஜெக்டர் பிடிக்க மறுக்கும். நீராவியைக் குளிர்ந்த தண்ணீரில் சந்திக்கவிட்டு, அது ஒடுங்குகிற வேகத்தில் தண்ணீரைப் பாயிலருக்குள் தள்ளுகிறது அந்தக் கருவி. வரும் தண்ணீரே வெதுவெதுப்பாக இருந்தால் நீராவி ஒடுங்காது; வழியும் குழாயில் கொட்டும், உள்ளே போகாது. பதறி நீராவியைக் கூட்டுவார்கள், நிலைமை மோசமாகும். செய்ய வேண்டியது தலைகீழ்: நீராவியை நிறுத்து, இன்ஜெக்டர் உடல் மேல் குளிர்ந்த தண்ணீர் ஊற்று, தண்ணீரை முழுதாகத் திற, பிறகு நீராவியைத் திற. அப்படியும் சூடாகவே இருந்தால் தண்ணீர் திரும்பாமல் தடுக்கும் கிளாக் வால்வு சரியாக உட்காரவில்லை, பாயிலர் தண்ணீர் திரும்பி வருகிறது என்று பொருள். இன்ஜெக்டர் இரண்டும் பிடிக்கவில்லை, பாயிலர் மட்டம் காட்டும் கண்ணாடியில் தண்ணீர் இறங்குகிறது என்றால் யோசிக்க நேரமில்லை. நெருப்பை இறக்க வேண்டும். நெருப்புப்பெட்டிக் கூரை மேல் தண்ணீர் இல்லாமல் போனால் ஈய அடைப்பு உருகி நீராவி உள்ளே பீறிடும். அது எச்சரிக்கை மட்டும்தான், காப்பாற்றாது.

குளிர்ந்த பாயிலரை அவசரமாகச் சூடேற்றுவது பெரிய பாவம். நெருப்புப்பெட்டித் தகடும் வெளி ஓடும் ஒரே வேகத்தில் விரிவதில்லை. இரண்டையும் பிணைக்கும் நூற்றுக்கணக்கான ஸ்டே கம்பிகள் அந்த இழுபறியைத் தாங்குகின்றன. முதல் நாளே சின்ன விறகு நெருப்பு போட்டு இரவு முழுக்கச் சூட்டை ஊறவிடுகிற ஷெட்டில் ஸ்டே ஒடிவதும், பாயிலருக்குள் புகை போகும் டியூபின் முனை கசிவதும் குறைவு.

லாங்மூரின் 118ஆம் எண் ‘பிரஸ்ஸல்ஸ்’ இதே வகைதான். 1945இல் ஹட்ஸ்வெல் கிளார்க் செய்தது. அதில் கரிக்குப் பதில் எண்ணெய் எரித்தார்கள், வெஸ்டிங்ஹவுஸ் காற்றுப் பம்பும் பொருத்தினார்கள். எண்ணெய் எரிப்பு, கரி வாரிப் பழகியவனுக்கு வேறு உலகம். எண்ணெயைத் தூளாகச் சிதறடிக்க நீராவி வேண்டும். குளிர்ந்த இன்ஜினில் நீராவி ஏது? வெளியிலிருந்து நீராவி கடன் வாங்க வேண்டும், இல்லையென்றால் முதலில் விறகு. பற்றவைக்கும் வரிசை மாறவே கூடாது: காற்று வாயிலான டேம்பரைத் திற, புகைபோக்கியில் இழுவை தரும் புளோயரைத் திற, எரியும் துணியை உள்ளே போடு, சிதறடிக்கும் நீராவியைத் திற, கடைசியில்தான் எண்ணெய், அதுவும் மயிரிழையளவு. ஓடும்போது சுடர் அணைந்துவிட்டால் எண்ணெயை உடனே மூட வேண்டும். மூடாமல் விட்டால் நெருப்புப்பெட்டிக்குள் உள்ள சூடான செங்கல் மேல் எண்ணெய் ஆவியாகித் தேங்கி, தானே பற்றி, கதவு வழியாகச் சுடர் முகத்துக்கு வரும். கரும்புகை தெரிந்தால் எண்ணெய் அதிகம், புகையே இல்லையென்றால் காற்று அதிகம். லேசான சாம்பல் நிறம்தான் சரி. டியூபில் புகைக்கரி படியும். அதற்கு மருந்து மணல். இழுவை பலமாக இருக்கும்போது நெருப்புக் கதவு வழியாக ஒரு கரண்டி உலர்ந்த மணலை வீசினால், அது டியூப் வழியே பாய்ந்து கரியைச் சுரண்டிக்கொண்டு புகைபோக்கியில் வெளியேறும்.

பெரிய இன்ஜின் என்றால் ‘கார்டன்’. 1943இல் கிளாஸ்கோவில் நார்த் பிரிட்டிஷ் கம்பெனி செய்தது, ஆர். ஏ. ரிடில்ஸ் வடிவமைத்த, பத்து இயக்குச் சக்கரம் கொண்ட போர் இன்ஜின், லாங்மூரில் எண் 600, நீல வண்ணம். கார்ட்டூமில் இறந்த ஜெனரல் கார்டன் ராயல் இன்ஜினியர்ஸ்காரர் என்பதால் அந்தப் பெயர். அழுத்தம் 225 பவுண்டு, சிலிண்டர் 19க்கு 28 அங்குலம். அதன் இயக்குச் சக்கர விட்டம் 4 அடி எட்டரை அங்குலம். தண்டவாள இடைவெளியும் அதுவே. பத்துச் சக்கரம் ஒரே சட்டத்தில் நின்றால் அச்சுப் பாரம் குறையும், குண்டுவீச்சில் அடிபட்டு அவசரமாகச் சீர் செய்த லைனிலும் போகலாம். ஆனால் வளைவில் திரும்புவது எப்படி? நடு ஜோடிச் சக்கரத்தில் ஃபிளாஞ்ச், அதாவது தண்டவாளத்தைப் பிடிக்கும் உள்விளிம்பு, வைக்காமல் விட்டுவிட்டார்கள். அதன் வழவழப்பான அகல விளிம்பு தண்டவாளத் தலை மேல் பக்கவாட்டில் நகர்ந்துகொள்ளும். வளைவின் தண்டவாளம் மிகவும் தேய்ந்து இடைவெளி அகன்றிருந்தால் இந்தச் சக்கரத்தைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். பிடிக்க ஃபிளாஞ்ச் இல்லாததால் விளிம்பு தண்டவாளத் தலையின் ஓரம் வரை போய்விடும்.

1942இல் ஹாலிவாட்டர் வழியாக வளைய லைன் முடிந்தபின், லாங்மூரில் ரயிலை நிறுத்தாமல் சுற்றிச் சுற்றி ஓட்ட முடிந்தது. டிரைவர் பழக அருமையான வசதி. சக்கரத்துக்கு அது கேடு: ஒரே திசையில் சுற்றும் வண்டியின் வெளிப்பக்க ஃபிளாஞ்ச் மட்டும் தேயும். வளைய லைனில் ஓடும் எந்த வண்டியானாலும் ஃபிளாஞ்ச் அளவை இரு பக்கமும் தனித்தனியாக எழுதி வைத்து, வித்தியாசம் வளர்ந்தால் வண்டியைத் திருப்பிப் போட வேண்டும்.

தடம் புரண்ட இன்ஜினைத் தூக்கும் பாடத்தில் பலர் தவறுவது ஒரே இடம். ஜாக்கி வைத்துச் சட்டத்தை உயர்த்துவார்கள்; சட்டம் மேலே வரும், சக்கரம் மண்ணிலேயே கிடக்கும். அமுங்கிய ஸ்பிரிங் முதலில் நிமிர்கிறது, அவ்வளவுதான். தூக்குமுன் ஆக்ஸில் பாக்ஸுக்கும் சட்டத்துக்கும் இடையிலான இடைவெளியில் கட்டை அடைத்து, இரண்டையும் ஒன்றாக்கிவிட வேண்டும். அதற்கும் முன்னால் நெருப்பை இறக்க வேண்டும், சாய்ந்த பாயிலரில் கண்ணாடி பொய் சொல்லும். ஸ்லீப்பர் கட்டையைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, ஜாக்கி ஏற ஏறக் கட்டையும் கூடவே ஏற வேண்டும். ஜாக்கி நழுவினால் இன்ஜின் கட்டை மேல் விழட்டும், ஆள் மேல் விழக் கூடாது. லைனில் வைத்தபின் சக்கர ஜோடியின் உட்பக்க இடைவெளியை மூன்று இடத்தில் அளக்க வேண்டும். 1360 மில்லிமீட்டரை ஒட்டி மூன்றும் ஒன்றாக வராவிட்டால் அச்சு வளைந்திருக்கிறது, ஓட்டக் கூடாது.

பழகும் இடம் என்பதால் ஆபத்து குறைந்துவிடவில்லை. 1956இல் ஒற்றை லைனில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதியதில் 6 படைவீரர்கள் உயிரிழந்தார்கள்.

வேகன்களில் சொல்லத் தகுந்தது வார்வெல். ஷெர்மன் டாங்கியைச் சாதாரணத் தட்டை வேகனில் ஏற்றினால் பிரிட்டிஷ் பாலங்களின் உயரத்துக்கு அடங்காது. அதனால் இரு முனையிலும் உள்ள போகி எனும் சக்கரத் தொகுதிகளுக்கு நடுவே தளத்தைப் பள்ளமாக இறக்கி, 50 டன் தாங்கும்படி செய்தார்கள். டாங்கி முனையிலிருந்து ஏறும். அப்போது முழுப் பாரமும் போகிக்கு வெளியே, மோதலைத் தாங்கும் பஃபர் பக்கம் விழும். முனை தாழ்ந்து ஸ்பிரிங் நசுங்கும். அதற்காக முனையில் திருகு ஜாக்கி வைத்திருந்தார்கள். ஏற்றுமுன் அதைத் தண்டவாளத்தின் மேல் ஊன்றி முறுக்க வேண்டும், ஏற்றியதும் முழுதாக மேலே சுருட்ட வேண்டும். சுருட்ட மறந்து வண்டியை நகர்த்தினால் லைன் பிரியும் முதல் பாயிண்டிலேயே சிக்கும். டாங்கியை நடுவில் நிறுத்துவதும் முக்கியம். சங்கிலி போட்டபின் நான்கு மூலையிலும் ஸ்பிரிங் உயரத்தைப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் சங்கிலியை அவிழ்த்து மறுபடி நிறுத்த வேண்டியதுதான், வேறு குறுக்கு வழி கிடையாது.

பாதை போனபின் இன்ஜின்கள் சிதறிப்போயின. ‘பிரஸ்ஸல்ஸ்’ கீத்லி அண்ட் வொர்த் வேலி ரயில்பாதைக்குப் போனது. 1893இல் செய்த குட்டி ‘கெஸல்’, லாங்மூரில் காட்சிப் பொருளாக இருந்தது, இப்போது இங்கிலாந்தின் டென்டர்டன் ஊரில். ‘கார்டன்’ இன்ஜினின் உடன்பிறப்பு ஒன்று ‘லாங்மூர்’ என்ற பெயரோடு நெதர்லாந்தில், உட்ரெக்ட் ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ‘கார்டன்’ செவர்ன் வேலி ரயில்பாதையின் ஹைலி கூடத்தில் நிற்கிறது. போகிறவர்கள் பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், குனிந்து பெரிய சக்கரங்களில் மூன்றாவது ஜோடியின் உள்விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். முன்னும் பின்னும் இருக்கும் ஃபிளாஞ்ச் அதில் இருக்காது.