கண்ணுக்குத் தெரியாத வேலைக்கு விருது கேட்ட அனுபவம்

மின்னணு வணிகத் தரவுத் தரநிலைகளை, அதாவது பில் போன்ற விவரங்களை எல்லோரும் ஒரே முறையில் எழுதுவதற்கான விதிகளை, முன்னின்று வழிநடத்தியவர்களைக் கௌரவிக்கும் ஒரு துறை விருதுக்கு, எங்கள் கணக்குப் பிரிவு அக்காவின் பெயரைப் பரிந்துரைத்தேன். இப்படி யாரையாவது பரிந்துரைக்க நினைப்பவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் அக்காவைச் சம்மதிக்க வைக்க வேண்டியிருந்தது. "எனக்கு எதுக்கு தம்பி? எல்லாம் சிஸ்டம் செய்யுற வேலை" என்றார். விடாமல் கேட்டு ஒருவழியாகக் கையெழுத்து வாங்கினேன்.

படிவத்தில் பெயர், பதவியெல்லாம் சுலபம். சாதனையை ஆதாரத்தோடு விளக்கச் சொல்லும் இடத்தில்தான் மலைப்பாக இருந்தது. தரநிலை வேலை ஒழுங்காக நடந்தால் வெளியே ஒன்றுமே தெரியாது. பில் போகும், பணம் வரும். இதில் எதை எடுத்துக் காட்டுவது?

லிட்டில் இந்தியா உணவகங்களுக்கு அரிசி, பருப்பு மொத்தமாகக் கொடுக்கும் நிறுவனம் எங்களுடையது. 2018இல் சிங்கப்பூரின் தகவல், தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையம் பெப்போல் கட்டமைப்பில் இணைந்தது. நிறுவனங்கள் தங்களுக்குள் இன்வாய்ஸ் போன்ற ஆவணங்களைத் தரவாகப் பரிமாறிக்கொள்ள உதவும் அனைத்துலக ஏற்பாடு அது. ஒரு நாட்டில் பெப்போலை மேற்பார்வையிடும் அமைப்பைப் பெப்போல் ஆணையம் என்பார்கள். ஐரோப்பாவுக்கு வெளியே முதல் தேசியப் பெப்போல் ஆணையம் எங்களுடையதுதான். 2019 ஜனவரியில் இங்கே நாடு தழுவிய மின் இன்வாய்ஸ் முறை வந்தது. இன்று அதை இன்வாய்ஸ்நவ் என்கிறோம். பிடிஎஃப்பை மின்னஞ்சலில் அனுப்பினாலே மின் இன்வாய்ஸ்தான் என்று பலர் இன்னும் நினைக்கிறார்கள். அதை வாங்குபவர் மறுபடியும் தட்டச்சு செய்தாக வேண்டும். இன்வாய்ஸ்நவில் இரண்டு பக்கமும் வேறு வேறு மென்பொருள் இருந்தாலும் விவரம் தரவாகவே நேரே போய்ச் சேரும். ஆனால் அனுப்புகிற விவரம் ஒரே முறையில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அங்கேதான் அக்காவின் உழைப்பு. எங்கள் சரக்குப் பட்டியலில் ஒரே அரிசி மூட்டை ஓரிடத்தில் 'பை', இன்னோரிடத்தில் 'பேக்', வேறோரிடத்தில் வெறும் 'பி' என்று கிடந்தது. அனைத்துலக அலகுக் குறியீட்டில் மூட்டைக்கு 'எக்ஸ்பிஜி', கிலோவுக்கு 'கேஜிஎம்'. அக்கா பட்டியலை அச்செடுத்து, கிடங்கில் நின்று, ஒவ்வொரு பொருளுக்கும் பென்சிலால் குறியீடு எழுதினார். ஜிஎஸ்டி 2023இல் 8 விழுக்காடாகி, 2024இல் 9 ஆனபோதும் வரிக் குறியீடுகளைத் திரும்ப வரிவரியாகச் சரிபார்த்தார். அப்புறம் மதியக் கூட்டம் ஓய்ந்த நேரமாகப் பார்த்து உணவகங்களுக்குப் போய், கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்களுடைய யுஇஎன் எண்ணை, அதாவது நிறுவனப் பதிவு எண்ணை, வைத்து இன்வாய்ஸ்நவில் பதிவு செய்து கொடுத்தார். கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செய்த அந்த வேலைதான் என்னைப் பொறுத்தவரை தலைமை.

அதனால் தொலைநோக்கு, புத்தாக்கம் போன்ற சொற்களை ஒதுக்கிவிட்டு, ஒரே ஓர் இன்வாய்ஸின் கதையை எழுதினேன். முன்பு அது எத்தனை கை மாறியது, இப்போது எப்படிப் போகிறது என்று மட்டும். பென்சில் குறிப்புள்ள பக்கங்களையும் நகலெடுத்து இணைத்தேன். சொந்த நிறுவனத்துக்கு வெளியே யாருக்குப் பயன் என்ற கேள்விக்கு வாடிக்கையாளர்களின் கடிதங்கள் கைகொடுத்தன. ஓர் உணவக முதலாளி, வார இறுதியில் கடைக்கு வந்து பில்களைத் தட்டச்சு செய்துகொண்டிருந்த தன் மகள் இப்போது வர வேண்டியதில்லை என்று எழுதித் தந்தார். என் பக்கக்கணக்கான விளக்கத்தைவிட அந்த வரிக்குக் கனம் அதிகம். கடிதங்களை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கடை நடத்துபவர்களுக்கு எழுத நேரம் கிடைப்பது அரிது.

நேர்காணலில், நீங்கள் இல்லாவிட்டால் இது நிற்குமா என்று அக்காவிடம் கேட்டார்கள். புதிய சரக்கு வந்தால் கிடங்குப் பையன்களே குறியீடு போட்டுவிடுகிறார்கள், தான் பார்க்க மட்டுமே செய்வதாகச் சொன்னார்.

முடிவு இன்னும் வரவில்லை. இதற்கிடையே, தாமாக முன்வந்து ஜிஎஸ்டிக்குப் புதிதாகப் பதிவோர் எல்லோரும் 2026 ஏப்ரல் 1 முதல் இன்வாய்ஸ் தரவை இன்வாய்ஸ்நவ் வழியாக உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதால், பக்கத்துக் கடைக்காரர்களும் அக்காவைத் தேடி வருகிறார்கள்.