அட்டன் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வந்தவர்களுக்கு

லெஸ்டரில் நாங்கள் எடுத்த வீட்டுக்கு முன்பணம் கட்டியதுமே, அது எந்தப் பாதுகாப்புத் திட்டத்தில் பதியப்பட்டது என்று வீட்டுக்காரர் தாள் அனுப்பிவிட்டார். இங்கிலாந்தில் அது சட்டம். 30 நாளுக்குள் செய்யாவிட்டால் முன்பணத்தைப் போல் மூன்று மடங்கு வரை அவர் வாடகைக்காரருக்குக் கட்ட வேண்டிவரும். எனக்கு உடனே இலங்கை மலையகத்தில், அட்டனில் விட்டுவந்த எங்கள் வீட்டு ஞாபகம்தான் வந்தது, ஏனென்றால் இப்போது நானும் ஒரு வீட்டுக்காரன்.

தாத்தா காலம் முழுக்கத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக் காம்பிராவில் போனது. காணி உறுதி (சொத்துப் பத்திரம்) என்ற ஒன்றை எங்கள் குடும்பம் கையில் பிடித்ததே அப்பா டவுனில் அந்த வீட்டை வாங்கியபோதுதான். அதனாலோ என்னவோ, வீட்டை வாடகைக்கு விடுவதென்றால் எங்கள் ஆட்களுக்கு இன்னமும் வாய்ப்பேச்சுதான். "நம்ம டீச்சர்தானே" என்று சாவியைக் கொடுத்துவிடுவார்கள். டீச்சர் நல்லவராகவே இருக்கட்டும், அவர் மாற்றலாகிப் போகும்போது தம்பியை அங்கே இருக்கச் சொல்லிவிட்டுப் போனால் நீங்கள் இங்கிருந்து யாரைக் கேட்பீர்கள்?

இலங்கையில் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு (உறுதி எழுதும் அதிகாரம் பெற்றவர்) முன்னால், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும் என்று 1840ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. தவணை முடிந்தும் போகாதவரிடமிருந்து இடத்தை மீட்பதற்கென்று 2023இல் தனிச் சட்டமும் வந்தது, ஆனால் கையில் ஒப்பந்தம் இல்லாமல் அதை வைத்து என்ன செய்வது?

வாடகை வரவில்லை என்று கோபத்தில் ஊரிலுள்ள மாமாவையோ அண்ணனையோ அனுப்பிப் பூட்டை மட்டும் உடைக்க வைக்காதீர்கள். வெளியேற்றப்பட்டவர் இரண்டு மாதத்துக்குள் நீதிமன்றம் போனால், 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் அவரைத் திரும்பக் குடியேற்ற உத்தரவு வரலாம். உறுதி யார் பேரில் என்பதை அந்த வழக்கில் முடிவுசெய்ய மாட்டார்கள்.

எனக்கு அதிகம் பயம் தருவது அற்றோணித் தத்துவம், அதாவது பவர் ஒஃப் அட்டோர்னி. வெளிநாட்டிலிருப்பவர் ஊரில் ஒருவருக்கு அதைக் கொடுத்தால்தான் அவர் நம் சார்பில் கையெழுத்து வைக்க முடியும், சரி. ஆனால் பலர் எல்லா அதிகாரத்தையும் அள்ளிக் கொடுத்துவிடுகிறார்கள், விற்கவும் ஈடு வைக்கவும் கூட. தயவுசெய்து வாசித்துப் பாருங்கள். நாங்கள் மாமாவுக்குக் கொடுத்ததில் வாடகைக்கு விடலாம், வாடகை வாங்கலாம், வழக்கு வைக்கலாம், அவ்வளவுதான். மாமாவுக்கு இதில் வருத்தமில்லை, அப்படி எழுதச் சொன்னதே அவர்தான்.

கரண்ட் பில் உங்கள் பேரில் இருந்தால் நிலுவையும் உங்கள் பேரில்தான் ஏறும், நகரசபைக்குக் கட்டும் சோலை வரியும் அப்படியே. மாதாமாதம் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வாடகை வருமானத்துக்கு இலங்கையில் வரி உண்டு, இங்கிலாந்தில் குடியிருப்பவராகிவிட்டால் இங்கேயும் அதைக் கணக்கில் பார்க்க வேண்டும். ஒரே வருமானத்துக்கு இரண்டு முறை கட்டாமலிருக்க இரு நாட்டுக்கும் ஒப்பந்தம் இருக்கிறது.

அப்புறம் கூரை. அட்டன் மழைக்குத் தகரம் எத்தனை வருஷம் தாங்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒழுகினால் திருத்துவது யார் செலவு, வாடகையில் கழிப்பதென்றால் பில் காட்ட வேண்டுமா என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். நான் கேள்விப்பட்ட சண்டைகளில் பாதி அதில்தான் தொடங்கியது.