ஊரறிந்த ரகசியங்கள்: சில புதிய ஐரிஷ் நூல்கள்

அயர்லாந்திலிருந்து அண்மை ஆண்டுகளில் வந்த நூல்களைப் புனைவு, அபுனைவு என்று பிரிக்காமல் கலந்தே வாசித்து வருகிறேன். ஊருக்கெல்லாம் தெரிந்த ஒன்றை ஊரே சேர்ந்து பேசாமல் வைத்திருப்பது எப்படி என்ற கேள்வியையே இவற்றுள் பல, ஆளுக்கொரு திசையிலிருந்து, சுற்றி வருவதாக எனக்குப் படுகிறது.

கிளேர் கீகனின் ‘ஸ்மால் திங்ஸ் லைக் தீஸ்’ (2021) நூற்றுச் சொச்சம் பக்கமே உள்ள குறுநாவல். 1985 கிறிஸ்துமஸை ஒட்டிய நாட்களில், நியூ ராஸ் நகரத்து நிலக்கரி வியாபாரி பில் ஃபர்லாங், கன்னியர் மடத்துக்குச் சரக்கு இறக்கப் போகும்போது, கரிக்கொட்டகைக்குள் பூட்டப்பட்டுக் கிடக்கும் ஓர் இளம்பெண்ணைக் காண்கிறார். மடத்துத் தலைவி அவரை உள்ளே அழைத்துத் தேநீர் கொடுத்து, மகள்களைப் பற்றி விசாரித்து, பண்டிகைப் பணத்தை உறையிலிட்டுக் கையில் தருகிறார். மிரட்டல் என்று எடுத்துக்காட்ட ஒரு சொல்கூட அங்கே இல்லை; ஆனால் அந்த மகள்கள் படிக்கும் பள்ளியும் மடத்தாரின் கையில்தான் இருக்கிறது. கன்னியர் மடங்கள் நடத்திய, பெண்களை அடைத்துவைத்து ஊதியமின்றி வேலை வாங்கிய மக்தலேன் சலவையகங்களுள் கடைசியானது 1996இல்தான் மூடப்பட்டது என்பதை அறிந்தபின், அந்தத் தேநீர்க் காட்சியை மீண்டும் படித்தேன். முதல் முறையைவிடக் கசந்தது.

இதே மௌனத்தை வரலாற்றின் பக்கமிருந்து அணுகுகிறார் பத்திரிகையாளர் ஃபின்டன் ஓ’டூல். அவர் பிறந்த 1958ஆம் ஆண்டில்தான், நிதித்துறைச் செயலர் டி. கே. விட்டேக்கரின் பொருளாதார அறிக்கை, மூடிக்கிடந்த நாட்டை வெளியுலகுக்குத் திறக்கும் வழியைக் காட்டியது. தன் வாழ்வையும் நாட்டின் மாற்றத்தையும் ஒரே இழையில் கோத்துச் செல்லும் ‘வீ டோன்ட் நோ அவர்செல்வ்ஸ்’ (2021) தடிமனான நூல். உள்நாட்டு அரசியல் பகுதிகள் வெளியாருக்குச் சற்று அலுப்பூட்டலாம்.

டூரன் நீ கிரீஃபாவின் ‘எ கோஸ்ட் இன் த த்ரோட்’ (2020) எந்த வகைக்குள்ளும் அடங்காதது. 1773இல் கொல்லப்பட்ட கணவனுக்காக ஐலீன் டுவ் என்ற ஐரிஷ் கவிஞர் பாடிய ஒப்பாரியைத் தேடிப் போகும் நூலாசிரியர், குழந்தைக்குப் பாலூட்டுவதற்கும் வீட்டுவேலைப் பட்டியலை ஒவ்வொன்றாக அடிப்பதற்கும் நடுவே அந்த ஆய்வைச் செய்கிறார். அந்தக் கவிஞரின் வாழ்க்கைத் தடயங்கள் ஆவணங்களில் எவ்வளவு குறைவு என்பது தெரியத் தெரிய, நூலின் வேகமும் கோபமும் கூடுகின்றன. ஒப்பாரி மரபுள்ள நம்மவர்கள் இதைத் தவறவிடக் கூடாது.

2023 புக்கர் இறுதிப் பட்டியலில் இரண்டு ஐரிஷ் நாவல்கள் மோதின. பரிசு பெற்ற பால் லிஞ்சின் ‘ப்ராஃபெட் சாங்’, சர்வாதிகாரத்துக்குள் சரியும் டப்ளினில் கணவனைப் பறிகொடுத்த ஒரு தாயின் கதை. பத்தி பிரிக்காத அதன் நடை முதலில் மூச்சை முட்டவைக்கிறது. போகப்போக அதுவே பழகிவிடுவதால் அச்சம் மழுங்குகிறது. பால் முர்ரேயின் ‘த பீ ஸ்டிங்’ அறுநூறு பக்கங்களுக்கு மேல் நீண்டாலும், நொடித்துப்போகும் கார் வியாபாரி டிக்கியின் குடும்பத்தில் ஒவ்வொருவரும் மற்றவரிடம் மறைப்பதை அவரவர் குரலிலேயே சொல்கிறது. மனைவி இமெல்டாவின் பகுதிகளில் நிறுத்தற்குறிகளே அநேகமாக இல்லை. ஆனாலும் எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்பது வாசகருக்குத் தானாகவே பிடிபடுகிறது. நடுவர் குழுவில் நான் இருந்திருந்தால் முர்ரேவுக்குத்தான் கை தூக்கியிருப்பேன்.