அஞ்சாப்பு பிள்ளைக கிளம்புறாக

காரைக்குடி பக்கம் ஒரு சின்ன கிராமத்து தொடக்கப்பள்ளி எங்களோடது. இந்த வாரத்தோட பரீட்சை முடியுது, அஞ்சாப்பு பிள்ளைக பதினோரு பேருக்கும் டிசி எழுதணும், எமிஸ்ங்கிற கல்வித்துறை இணையதளத்துல பேரை காமன் பூலுக்கு, அதாவது அடுத்த பள்ளிக்கூடம் எடுத்துக்கிற பொதுப் பட்டியலுக்கு அனுப்பணும், அந்த பட்டனை அமுக்குறப்ப மனசு ஒரு மாதிரி ஆயிருது. அதுல ஒரு பொண்ணு ஒன்னாப்புல சேந்தப்ப ஊருணிக்கரை வரைக்கும் அழுதுக்கிட்டே ஓடிருவா, நானும் பின்னாடியே ஓடுவேன். இப்ப அவதான் சின்னப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லித் தாரா.

நேத்து பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்துக்கு அம்மாக்கதான் நெறையா வந்திருந்தாக. ஒரு ஆச்சி கொட்டான் நெறைய சீப்புச்சீடை கொண்டாந்து குடுத்தாக. ஆறாப்புக்கும் அரசுப் பள்ளியிலயே சேருங்கன்னு கேட்டுக்கிட்டேன், ஆறுலேருந்து பன்னெண்டு வரைக்கும் அங்க படிச்சா பொம்பளப் பிள்ளைகளுக்கு காலேஜ் போறப்ப புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா வரும், இது பல பேருக்குத் தெரியவே இல்ல.

ஜூனுக்குள்ள வேலை கெடக்கு. கழிப்பறை கதவு மாத்தணும், ஒன்னாப்பு சுவத்துல உயிரெழுத்து வரையணும், வேப்பங்கன்னுக்கு லீவுல யாரு தண்ணி ஊத்துறதுன்னு முறை போட்டாச்சு. 2023 ஆகஸ்ட்ல காலைச் சாப்பாடு வந்ததுலேருந்து பசியோட ஒக்காந்திருக்கிற முகத்தைப் பாக்கல, அது எனக்குப் பெரிய நிம்மதி.

அஞ்சு வயசு முடிஞ்ச பிள்ளை வீட்டுல இருந்தா கூட்டிட்டு வாங்க, அட்மிஷன் நடக்குது. வெளியூர்ல இருக்க நம்ம ஊர்க்காரவுக லீவுக்கு வந்தா ஒரு நாள் எட்டிப் பாருங்க, சுவத்துக்கு பெயிண்ட் அடிக்க ஆள் வேணும்.