ஐந்தாம் எண் பந்து

ஜூன் 3

கூடைப்பந்துப் பயிற்சிக்குப் புதிய பிள்ளைகள் பதினான்கு பேர். ஒன்பது வயதிலிருந்து பதினொன்றுக்குள். ஆடுகளத்துக்குள் நுழைந்ததும் எல்லோரும் ஓடியது ஏழாம் எண் பந்துகள் கிடந்த மூலைக்குத்தான். ஆண்கள் ஆட்டத்துக்கான பந்து அது. ஏறத்தாழ 600 கிராம் எடை. கூட்டத்தில் மிகச் சிறிய பெண் அதை இடுப்புக்குக் கீழே இறக்கி, முதுகை வில்லாக வளைத்து, இரண்டு கையாலும் வீசினாள். பந்து வலையின் நுனியை உரசிவிட்டுத் திரும்பியது. மீண்டும் வீசினாள், அதே மாதிரி. தோளில் இன்னும் வராத பலத்தை இடுப்பிலிருந்து கடன் வாங்குகிறாள். இந்தப் பழக்கம் ஊறிவிட்டால் பதினைந்து வயதில் மாற்றுவது பெரும்பாடு. அனுபவித்திருக்கிறேன்.

ஜூன் 5

3.05 மீட்டரில் இருந்த ஒரு வளையத்தை 2.60 மீட்டருக்கு இறக்கினேன். சிறுவர்கள் ஆடும் மினி கூடைப்பந்தின் உயரம் அதுதான். பந்தும் அதற்கான சிறிய ஐந்தாம் எண். "நாளைக்குப் பெரிய வளையத்தில்தானே ஆடப்போகிறாள், இப்போதே பழகட்டுமே சார்" என்றார் அந்தப் பெண்ணின் அப்பா. நாளைக்கு வளரும் என்பதற்காகப் பிள்ளைக்கு இன்றைக்கே பெரிய செருப்பை மாட்டி ஓடவிடுவோமா என்று கேட்டேன். அவர் முகம் தெளியவில்லை.

ஜூன் 10

வளையத்துக்கு ஒரு மீட்டர் தள்ளி நின்று எறிவது மட்டும். முழங்கை பந்துக்கு அடியில், விரல்கள் விரிந்து, உள்ளங்கைக்கும் பந்துக்கும் நடுவே சிறு இடைவெளி. பந்து கையை விட்ட பிறகும் மணிக்கட்டு மடிந்தபடி நிற்க வேண்டும்.

அந்தப் பெண்ணின் பந்து மட்டும் ஒவ்வொரு முறையும் வலப்பக்கம் விலகியது. அருகே போய்ப் பார்த்தேன். பந்தின் கறுப்புக் கோடுகள் நேராகப் பின்னோக்கிச் சுழலாமல் சாய்ந்து சுழன்றன. தாங்க மட்டும் வேண்டிய இடக்கையின் கட்டைவிரல் கடைசி நொடியில் பந்தைத் தள்ளிவிடுகிறது! இடக்கை விரல்களைச் சேர்த்துப் பலகை போல் பந்தின் பக்கவாட்டில் ஒட்டச் சொன்னேன். இருபது, முப்பது எறிதலுக்குப் பிறகு கோடுகள் நிமிர்ந்தன. அவளே கவனித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

ஜூன் 12

இடக்கையால் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே இருக்கும் பயிற்சி. நான் காட்டும் விரல்களை எண்ணிக்கொண்டே தட்ட வேண்டும். அப்போதுதான் தலை நிமிர்கிறது.

ஜூன் 17

இன்று பந்தே இல்லை. ஓடிவந்து இரண்டு காலாலும் ஒருசேர நிற்பது, குதித்து ஓசையில்லாமல் இறங்குவது. பிள்ளைகளுக்கு அலுப்புதான். ஆனாலும் விட மாட்டேன். முழங்கால் மூட்டை உள்ளே பிடித்து நிறுத்தும் முன் சிலுவைத் தசைநார் பல நேரம் யாரும் மோதாமலே, இறங்கும்போதோ சட்டென நிற்கும்போதோ கிழிகிறது. பருவம் எய்திய பெண்களுக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம். முழங்கால்கள் உள்நோக்கிச் சரியாமல் பாதத்துக்கு நேராக மடிகின்றனவா என்று ஒவ்வொருவராக உட்கார்ந்து பார்த்தேன். மூன்று பேருக்குச் சரிகிறது. வாரந்தோறும் பார்க்க வேண்டும்.

ஜூன் 26

பயிற்சி முடிந்து எல்லோரும் தண்ணீர் குடிக்கப் போனபோது அவள் ஐந்தாம் எண் பந்தோடு உயரமான வளையத்துக்கு அடியில் போய் நின்றாள். அப்பா ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எறிந்தாள். வளையத்துக்கு ஒரு சாண் கீழேயே பந்து இறங்கிவிட்டது. ஆனால் முதுகு வளையவில்லை, கோடுகள் நேராகச் சுழன்றன, மணிக்கட்டு மடிந்தபடியே நின்றது. உருண்டுவந்த பந்தை எடுத்து அப்பா அவளிடம் கொடுத்தார்.

"தாழ்ந்த வளையத்துக்கே போம்மா" என்றார்.