22 விநாடித் தாமதம்: இறக்கப் பாதையில் காற்றைச் சரிசெய்த அனுபவம்

விமானம் தரையிறங்குவதைக் கணினியில் பாவனை செய்யும் என் நிரலில் மூன்று வாரமாகத் தொல்லை கொடுத்த 22 விநாடித் தாமதம் நேற்றிரவு ஒருவழியாகத் தீர்ந்தது. 2012 பிப்ரவரி 10 அன்று ஏர்பஸ் ஏ320 சோதனை விமானம் ஒன்று துலூஸிலிருந்து கோபன்ஹேகன் வழியாக ஸ்டாக்ஹோமின் ஆர்லாண்டா விமான நிலையத்துக்கு, தரைக் கட்டுப்பாட்டோடு ஒத்துக்கொண்ட நேரத்தில் குறித்த புள்ளியைக் கடக்கும் முறையில் பறந்தது. அதுபோன்ற ஓர் இறக்கத்தைத்தான் என் பைத்தான் நிரலில் பறக்கவிட்டு வருகிறேன்.

பாதையும் உயரமும் முதல் வாரத்திலேயே அமைந்துவிட்டன. ஆனால் எஞ்சினை ஐடிலில் (மிகக் குறைந்த விசையில்) வைத்து, வேகமானி காட்டும் 280 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) வேகத்தில் இறங்கும் விமானம், 10,000 அடிப் புள்ளியை ஒவ்வொரு முறையும் பிந்தியே கடந்தது. இழுவை (காற்று விமானத்துக்குத் தரும் எதிர்ப்பு) அட்டவணையைச் சந்தேகித்து இருமுறை மாற்றி எழுதியது வீண் வேலை. பிழை காற்றில் இருந்தது.

34,000 அடியில் 80 நாட், 5,000 அடியில் 10 நாட் என இரண்டு உயரங்களுக்கு மட்டும் பின்காற்றைக் கொடுத்து, இடைப்பட்டதை நேர்கோடாக நிரப்பியிருந்தேன். அக்கணக்கில் 18,000 அடிக்கு 41 நாட் வருகிறது. வானிலைத் தரவுக் கோப்பிலோ 27தான் இருந்தது. ஜெட் காற்று (மிக உயரத்தில் வீசும் பலத்த காற்று) கீழே வரவர எவ்வளவு விரைவாகத் தளர்கிறது என்பதை இரண்டு புள்ளிகளால் காட்ட இயலாது. 90 கடல் மைல் இறக்கத்தில் சராசரித் தரைவேகம் (தரையைப் பொறுத்த வேகம்; உயரத்தில் இது வேகமானி காட்டுவதைவிட அதிகம்) 435 நாட்டிலிருந்து 423 ஆகக் குறைந்தாலே 21 விநாடி போய்விடும்.

தரவுக்கு அமெரிக்கக் கடல், வளிமண்டல அமைப்பான என்ஓஏஏ வழங்கும் ஜிஎஃப்எஸ் என்ற உலக வானிலை முன்கணிப்பையே பரிந்துரைப்பேன். கட்டணமில்லை, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை புதிதாகிறது, 250, 300, 400, 500, 700 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) அழுத்தமுள்ள உயர மட்டங்களை மட்டும் தனியே எடுத்துக்கொள்ளலாம்.

காற்று சரியான பிறகும் வேகத் திருத்தம் அடங்கவில்லை. மூன்று விநாடி பிசகினாலே திருத்து என்று எழுதியிருந்ததால், இலக்கு வேகம் 272க்கும் 296க்கும் இடையே ஊசலாடியது. ஐடிலில் வேகத்தைக் கூட்ட மூக்கைத் தாழ்த்தத்தான் வேண்டும் என்பதால் உயரப் பாதையும் கெட்டது. இப்போது 80 கடல் மைல் தொலைவில் 15 விநாடி வரை பொறுத்து, நெருங்க நெருங்க அந்த வரம்பை 5 விநாடியாகச் சுருக்குகிறேன். ஆறு ஓட்டங்களில் மிகப் பெரிய பிழை 7 விநாடி. இறக்கத்தில் நூற்றுக்கு 95 முறை பிழை 10 விநாடிக்குள் இருக்க வேண்டும் என்ற தரநிலையோடு ஒப்பிட ஆறு போதாது; குறைந்தது நூறு முறை ஓட்ட வேண்டும்.

அதற்குள் இரண்டாவது விமானத்தை 120 விநாடி இடைவெளியில் பின்னால் இறக்கும் பகுதியை எழுதத் தொடங்கிவிட்டேன். முன்செல்வது பிந்தினால் பின்வருவதன் நேரத்தை எந்தத் தொலைவு வரை மாற்றலாம் என்பதுதான் இப்போது கையிலிருக்கும் கணக்கு.