ஒயரை வெட்டினால் என்ன காட்டும்?

டோம்பிவிலியில் எங்கள் வீட்டுக் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே நாலடிக்கு இரண்டே முக்கால் அடியில் ஒரு ப்ளைவுட் பலகை செங்குத்தாக நிற்கும். ஞாயிற்றுக்கிழமை அதைக் கட்டில்மேல் படுக்கப் போட்டால் அதுதான் என் ரயில்வே. மும்பை ஃப்ளாட்டில் இதற்குமேல் இடம் கேட்டால் என் கணவர் என்னையே செங்குத்தாக நிறுத்திவிடுவார். பலகையில் ஒரு நீள்வட்டத் தண்டவாளம், சுற்றளவு மூன்று மீட்டர் சொச்சம், ஓரமாக ஒரு பிளாட்ஃபாரம். எச்ஓ அளவு, அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. நம் அகலப்பாதை 1676 மில்லிமீட்டர் என்பதால் கணக்குப்படி தண்டவாள இடைவெளி 19 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். கடையில் கிடைப்பது 16.5. பலகையை முதன்முதலில் பார்த்ததும் மாமா சொன்னது, “கேஜ் குறையுதேம்மா.” முப்பது வருஷத்துக்கு மேல் ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என் மாமனார். அவர் கண்ணில் எதுவும் தப்பாது.

வண்டி போன தீபாவளிக்கே ஓட ஆரம்பித்துவிட்டது. ஆனால் அறை விளக்கை அணைத்தால் இருட்டில் ஏதோ கரகரவென்று ஊர்கிறது என்பதோடு சரி. இந்த மழைக்காலத்தில் விளக்கும் சிக்னலும் போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

முதலில் விளக்கு, அதுதான் சுலபம். மும்பையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான லாமிங்டன் ரோட்டில் வாங்கிய வெள்ளை எல்இடி சில்லுகளை மூன்று மூன்றாகத் தொடரில் இணைத்து, 12 வோல்ட்டில் மின்னோட்டத்தை மட்டுப்படுத்த ஒரு 1 கே, அதாவது ஆயிரம் ஓம், ரெசிஸ்டர் போட்டேன். பிளாட்ஃபாரக் கூரைக்குக் குளிர்ந்த வெள்ளை, ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்கு மஞ்சள் கலந்த வெள்ளை. இரண்டையும் கலந்து போடுவதில்தான் அழகு இருக்கிறது. எல்லாம் ஒரே வெள்ளையாக இருந்தால் நகைக்கடை மாதிரி ஆகிவிடுகிறது. தொடரில் ஒன்று போனால் மூன்றும் அணைந்துவிடும். பிளாட்ஃபாரத்தின் ஒரு பகுதி மட்டும் இருண்டு கிடப்பது நாம் தினமும் பார்ப்பதுதானே, அப்படியே விட்டுவிட்டேன். ஒரே ஒரு தப்பு: ஸ்டேஷன் கட்டடத்தின் பிளாஸ்டிக் சுவர் உள்ளிருந்து லாந்தர் மாதிரி ஒளிர்ந்தது. கூரையைப் பிரித்து உட்புறம் முழுக்கக் கறுப்பும், அதன்மேல் வெள்ளையும் அடித்த பிறகுதான் வெளிச்சம் ஜன்னல் வழியாக மட்டும் வந்தது. கட்டடத்தை ஒட்டுவதற்கு முன்பே செய்திருந்தால் அரை மணி நேர வேலை.

அப்புறம் சிக்னல். நான் செய்ய நினைத்தது நாலு விளக்குத் தானியங்கி சிக்னல், புறநகர்ப் பாதை நெடுகப் பார்க்கிறோமே, அது. மேலிருந்து கீழே மஞ்சள், பச்சை, மஞ்சள், சிவப்பு. சிவப்பு கீழே இருப்பதற்குக் காரணம், ஓட்டுநரின் கண்மட்டத்துக்கு அதுதான் பக்கம். இரட்டை மஞ்சள் எரியும்போது நடுவில் பச்சையின் இடம் இருண்டிருப்பதால் இரண்டும் தூரத்திலிருந்து ஒன்றாகக் கலந்து தெரியாது.

ஒரு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகட்டில் 2 மில்லிமீட்டர் துளை நாலு. 3 மில்லிமீட்டர் உருண்டை எல்இடியை வைத்தால் நிஜத்தில் 26 சென்டிமீட்டர் விளக்குக்குச் சமம், சாப்பாட்டுத் தட்டு மாதிரி தெரியும். அதனால் துளைக்குப் பின்னால் 0603 என்ற அளவு எல்இடி சில்லு. 1.6 மில்லிமீட்டருக்கு 0.8. தும்மினால் காணாமல் போகும். இரண்டு தும்மலுக்கு நாலு போனது. கம்பமாக 2 மில்லிமீட்டர் பித்தளைக் குழாய், அதுவே நாலு விளக்குக்கும் பொதுவான திரும்பு வழி. குழாய்க்குள் எனாமல் பூசிய மெல்லிய வைண்டிங் ஒயர் நாலு. முதல் சிக்னலில் பச்சை கொடுத்தால் சிவப்பும் சேர்ந்து எரிந்தது. குழாயின் வெட்டிய விளிம்பு கத்தி மாதிரி இருந்ததால் ஒயரின் எனாமல் சுரண்டப்பட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அரத்தால் விளிம்பை மழுக்கி, உள்ளே ஒரு சொட்டு நெயில் பாலிஷ் விட்ட பிறகு சரியானது. முதல் சிக்னலுக்கு ஒரு வாரம் பிடித்தது, நாலாவதை ஒரே சாயங்காலத்தில் முடித்தேன். விளக்கின் மேல் குல்லாய்க்குத் தீர்ந்துபோன பால்பாயிண்ட் ரீஃபிலைச் சாய்வாக வெட்டிக்கொண்டேன். வீட்டில் இருந்த பேனாக்கள் எல்லாம் ஒரே நாளில் எப்படித் தீர்ந்தன என்று யாரும் கேட்கவில்லை.

பச்சைதான் படுத்தியது. முதலில் வாங்கியது கிளிப்பச்சை. பக்கத்து மஞ்சளோடு வைத்துப் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி. நிஜ சிக்னல் பச்சையில் கொஞ்சம் நீலம் கலந்திருக்கும். எண்ணெய் விளக்குக் காலத்தில் மஞ்சள் சுடருக்கு முன்னால் நீலம் கலந்த கண்ணாடியை வைத்தால்தான் வெளியே பச்சையாகத் தெரிந்தது என்று மாமா சொன்னார். மறுபடி லாமிங்டன் ரோடு போய், 3 வோல்ட் கேட்கும் வகைப் பச்சையை வாங்கினேன். நிறம் சரி, ஆனால் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. 5 வோல்ட்டில் சிவப்புக்கு 1 கே போதுமானதாக இருக்க, இந்தப் பச்சைக்கு 10 கே போட்டுத்தான் அடக்க முடிந்தது.

மூளை ஓர் ஆர்டுயினோ நானோ, நிரல் எழுதி ஏற்றக்கூடிய சின்ன மின்னணுப் பலகை. 16 விளக்குகளுக்கு அதில் கால்கள் போதாது. சில கால்களைக் கொண்டே பல விளக்குகளை இயக்க உதவும் 74எச்சி595 சில்லுகள் இரண்டைச் சேர்த்ததும் மூன்று கால்களில் வேலை முடிந்தது. தர்க்கம் எளிது: வண்டி இருக்கும் பகுதியின் வாசலில் சிவப்பு, அதற்கு முந்தைய சிக்னலில் மஞ்சள், அதற்கு முன் இரட்டை மஞ்சள், அதற்கும் முன் பச்சை. நான் முதலில் பாதையை மூன்று பகுதியாகத்தான் பிரித்திருந்தேன். இரண்டு மணி நேரம் வண்டி சுற்றியும் பச்சை வரவே இல்லை. நிரலில் பிழை என்று நினைத்து வரிவரியாகத் தேடினேன். பிறகுதான் உறைத்தது. மூன்று சிக்னல் கொண்ட வட்டத்தில் ஒரு வண்டி நின்றால் மற்ற இரண்டும் மஞ்சளும் இரட்டை மஞ்சளுமாகப் போய்விடும், பச்சைக்கு இடமே இல்லை! தன் வாலைத் தானே துரத்தும் வண்டி. பாதையை நாலாகப் பிரித்து, நாலாவது சிக்னல் செய்து, இரண்டு வேகனைக் கழற்றி வண்டியையும் குட்டையாக்கினேன். இப்போது சுற்றுக்கு நாலு முறை பச்சை தலைகாட்டுகிறது.

வண்டி எங்கே இருக்கிறது என்று நானோவுக்குச் சொல்ல வேண்டுமே. தண்டவாளக் கட்டைகளுக்கு நடுவே, அடியிலிருந்து மேல்நோக்கி டிசிஆர்டி5000 என்ற அகச்சிவப்பு உணரியைப் புதைத்தேன். மேலே வண்டி வந்தால் ஒளி எதிரொளித்துத் திரும்பும், வண்டி வந்தது என்று பொருள். பத்து நாள் பிரமாதமாக ஓடியது. பதினோராம் நாள் மழை விட்டு வெயில் அடித்தது. சாயங்காலம் நாலரை மணிக்கு வண்டியே இல்லாத மூன்றாம் பகுதி சிவப்பு காட்டியது. மேற்குப் பக்க ஜன்னல் வெயில் நேராக உணரியின் கண்ணில் விழுகிறது, அதற்கு அதுவும் ஒரு ரயில். திரையை இழுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டேன்.

மாமா சிரிக்கவில்லை. பலகைக்கு அடியில் குனிந்து பார்த்தார். “சூரியனைப் பார்த்துச் சிவப்பு காட்டுறது தப்பில்லம்மா, தொந்தரவு, அவ்வளவுதான். இந்த ஒயரை நான் இப்ப வெட்டுறேன்னு வச்சுக்கோ. என்ன காட்டும்?”

யோசித்தேன். ஒயர் அறுந்தால் உணரியிலிருந்து ஒன்றும் வராது. ஒன்றும் வராவிட்டால் வண்டி இல்லை. வண்டி இல்லாவிட்டால்…

“பச்சை, மாமா.”

அவர் ஒன்றும் சொல்லாமல் காபி குடிக்கப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அவரே வந்து உட்கார்ந்தார். ஊரில் பார்த்திருப்பாயே கைகாட்டி, அதில் கை மேலே தூக்கினால் போகலாம் என்கிற வகையில், இழுக்கும் கம்பி அறுந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். கை தன் எடையிலேயே விழுந்து படுக்கையாகும், அதாவது நில். தண்டவாள மின்சுற்றும் அதே புத்திதான். ஒரு முனையில் பாட்டரி, மறுமுனையில் ரிலே, அதாவது மின்காந்த சுவிட்ச். மின்சாரம் வந்துகொண்டே இருந்தால்தான் ரிலே தூக்கி நிற்கும், பாதை காலி என்று அர்த்தம். வண்டி ஏறினால் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளத்தையும் இணைத்துவிட, ரிலே விழும், சிவப்பு. பாட்டரி செத்தாலும், ஒயர் அறுந்தாலும், தண்டவாளமே முறிந்து சுற்று அறுந்தாலும் அதே சிவப்பு. 1872-இல் வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்தது இது. ஜூலை மழையில் தண்ணீர் தண்டவாளத்தை மூடி சிக்னல்கள் சிவப்பாக நிற்கும்போது, லோக்கலில் தொங்கிக்கொண்டு நாம் “சிக்னல் கெட்டுப்போச்சு” என்று திட்டுகிறோம். “கெட்டுப்போய்ச் சிவப்பு காட்டுச்சுன்னா அது ஒழுங்கா வேலை செஞ்சிருக்குன்னு அர்த்தம்” என்றார். இரட்டை மஞ்சளில் ஒன்று அணைந்தாலும் மிஞ்சுவது ஒற்றை மஞ்சள், அதாவது இன்னும் கடுமையான எச்சரிக்கை. இத்தனை நாள் எனக்கு அது தோன்றவே இல்லை.

அடுத்த இரண்டு ஞாயிறும் தோண்டி எடுப்பதில் போயின. இப்போது உணரி அடியில் இல்லை. பாதையின் ஒரு பக்கப் புதரில் அகச்சிவப்பு எல்இடி, எதிர்ப்பக்கம் ஒரு ரிலே பெட்டியின் மறைவில் ஒளி டிரான்சிஸ்டர். கோணலாக வைத்திருப்பதால் வேகன்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் ஒளி நழுவாது. ஒளி வந்து சேர்ந்தால்தான் பாதை காலி. வண்டி மறைத்தாலும், எல்இடி செத்தாலும், ஒயர் அறுந்தாலும் ஒளி வராத கதைதான், சிவப்பு.

ஆனால் இதில் வெயில் பழைய தொந்தரவைவிட மோசமான ஆள். டிரான்சிஸ்டரின்மேல் வெயில் விழுந்தால் வண்டி நடுவே நின்றாலும் “ஒளி வருகிறது, காலி” என்று சொல்லிவிடும். அதற்கு வழி: எல்இடியை அணைத்து ஒரு முறை, எரித்து ஒரு முறை அளப்பது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், நானோவின் 0 முதல் 1023 வரையான அளவில், 200-க்கு மேல், தொடர்ந்து மூன்று முறை இருந்தால் மட்டுமே காலி. வெயில் இரண்டு அளவையும் ஒன்றுபோல ஆக்கிவிடுவதால் வித்தியாசம் இல்லை, எனவே சிவப்பு. சோதிக்க மொபைல் டார்ச் அடித்துப் பார்த்தேன், ஒரு சலனமும் இல்லை. எல்இடி டார்ச்சில் அகச்சிவப்பு இருந்தால்தானே! பூஜை அலமாரியின் பழைய குண்டு பல்பைக் கழற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் பிடித்தேன். சிவப்பு. மாமாவின் கையில் கட்டிங் பிளையரைக் கொடுத்தேன். மூன்றாம் பகுதியின் ஒயரை அவர் வெட்டினார். சிவப்பு. இரண்டாவது ஒயரை நான் கொடுக்காமலே வெட்டினார். அதற்கும் சிவப்பு. மறுபடி ஈயம் வைத்தது நான்தான்.

மின்சாரம் போட்ட கணத்தில் ஒரு சின்ன அபத்தம் இருந்தது. நானோ விழித்துக்கொள்வதற்குள் 595 சில்லுகள் வாய்க்கு வந்ததை உளறும், நாலு சிக்னலிலும் கண்டபடி எரியும். அவற்றின் வெளியீட்டைத் திறந்து மூடும் காலை ஒரு 10 கே வழியாக 5 வோல்ட்டுக்கு இழுத்துக் கட்டியதும் அடங்கியது. நானோ தயாராகும்வரை எல்லாம் இருட்டு, அப்புறம் எல்லாம் சிவப்பு. அணைந்த சிக்னலையும் ஓட்டுநர் சிவப்பாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதால் இருட்டுக்கு மாமா ஆட்சேபம் சொல்லவில்லை. பகுதிகள் காலி என்று நான் கண்ணால் பார்த்து, பலகைக்கு அடியில் உள்ள பொத்தானை அமுக்கினால்தான் சிவப்பு விலகும். “போட்டதும் எல்லாம் சிவப்பா இருக்கே, கெட்டுப்போச்சா?” என்று கணவர் ஒவ்வொரு முறையும் கேட்கிறார்.

கம்பத்தில் வெள்ளை வட்டத்தில் கறுப்பு ‘ஏ’ எழுத்துப் பலகையும் ஒட்டியாயிற்று. அது இருந்தால் தானியங்கி சிக்னல். சிவப்பில் நின்று, பகலில் ஒரு நிமிஷம், இரவில் இரண்டு நிமிஷம் காத்திருந்து, பிறகு ஊர்ந்து கடக்கலாம். என் மகள் ஓட்டும்போது தாத்தா கடிகாரத்தோடு பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். அறை விளக்கை அணைத்திருந்தால் இது பகலா இரவா என்று இருவருக்கும் வாக்குவாதம். பின்னால் வரும் வண்டிக்காகச் சிக்னலுக்கு அப்பால் 120 மீட்டர் கூடுதலாகக் காலி இருக்க வேண்டும் என்ற விதியை மட்டும் கைவிட்டோம். எங்கள் அளவில் அது 138 சென்டிமீட்டர், என் பகுதி ஒன்றே அதில் பாதிதான்.

சிவப்பு விளக்கே ஃப்யூஸ் போனால்? இது மாமாவின் அடுத்த கேள்வி. நிஜத்தில் அதற்கு முந்தைய சிக்னல் சிவப்பாகிவிடும். அதற்கு ஒவ்வொரு சிவப்பிலும் ஓடும் மின்னோட்டத்தை அளக்க வேண்டும், இன்னும் தொடவில்லை.

போன ஞாயிறு அதைவிடப் பெரிய ஓட்டை தெரிந்தது. வளைவில் கடைசி வேகன் கழன்று இரண்டாம் பகுதியின் நடுவிலேயே நின்றுவிட்டது. எஞ்சினும் மற்ற வேகனும் அடுத்த ஒளிக்கோட்டைக் கடந்ததும் இரண்டாம் பகுதி காலி என்று அறிவித்து, மஞ்சள், இரட்டை மஞ்சள், கடைசியில் பச்சையே வந்தது. பச்சைக்குப் பின்னால் அநாதையாக ஒரு வேகன். என் கண்கள் நுழைவதையும் வெளியேறுவதையும் பார்க்கின்றனவே தவிர, நுழைந்ததெல்லாம் வெளியேறியதா என்று எண்ணுவதில்லை. கடைசிப் பெட்டியில் ‘எல்வி’ (லாஸ்ட் வெஹிக்கிள்) பலகை மாட்டுவதும், அச்சு எண்ணும் கருவி வைப்பதும் இதற்காகத்தான். கோணலான ஒளிக்கோட்டால் சக்கரம் எண்ண முடியாது, தண்டவாள மட்டத்தில் நேராக இன்னொன்று வேண்டும். நாலு பகுதிக்கு நாலு ஜோடி.

மாமா ஏற்கெனவே சீட்டு எழுதி வைத்துவிட்டார். சனிக்கிழமை லாமிங்டன் ரோட்டுக்கு அவரும் வருகிறாராம்.